நைஜீரியாவில் மாநில சட்டமன்ற உறுப்பினர், கூடவே தொழிலதிபர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நைஜீரிய அரசியல்வாதி, தொழிலதிபர், மாநில சட்டமன்ற உறுப்பினர்" என்று ஒரே வரியில் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லி முடிக்கும் குறிப்புகள் நிறைய உண்டு. அந்த வரியைப் படித்தவர்களிடமிருந்து ஒரே மாதிரிச் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எப்படி உள்ளே போனார், கம்பெனியை என்ன செய்தார், எதனால் பதவி பறிபோகும் என்பவைதான் அவை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்களுக்கு அடிப்படை 1999ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டமும் முக்கியமான தீர்ப்புகளும். தேர்தல் விதிகளைப் பொறுத்தவரை, 2023 பொதுத்தேர்தல் எந்தச் சட்டப்படி நடந்ததோ அந்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1. மாநில சட்டமன்ற உறுப்பினர்னா நம்ம ஊர் எம்.எல்.ஏ. மாதிரிதானே?

தொகுதி, சபாநாயகர், மசோதா, பட்ஜெட் வரைக்கும் அதே மாதிரிதான். பெரிய வித்தியாசம் ஆளுநர் பதவியில் இருக்கிறது. நைஜீரியாவில் ஆளுநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகம் முழுக்க அவர் கையில். முதலமைச்சர் என்று தனியாக யாரும் கிடையாது. அமைச்சர்களுக்கு நிகரான 'கமிஷனர்'களை ஆளுநர் நியமிப்பார், சட்டமன்றம் ஒப்புதல் தர வேண்டும்.

ஆகவே சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே கமிஷனர் ஆக முடியாது. அப்படிக் கமிஷனராகப் பதவியேற்றால் அந்த நாளிலேயே தொகுதி காலியாகிவிடும். ஒருவரின் குறிப்பில் உறுப்பினர் பதவி பாதியில் முடிந்து கமிஷனர் பதவி தொடங்கினால் அதைத் தோல்வி என்று படிக்கக் கூடாது.

2. ஒரு மாநிலத்துக்கு எத்தனை பேர்?

குறைந்தது 24, அதிகபட்சம் 40. லேகோஸிலும் கானோவிலும் 40 பேர். பயெல்சா, எடோ, எனுகு போன்ற மாநிலங்களில் 24 பேர். ஓயோவிலும் ரிவர்ஸிலும் 32 பேர். 36 மாநிலங்களுக்கும் சேர்த்து 2023இல் 993 தொகுதிகள். தலைநகரப் பகுதியான அபுஜாவுக்குச் சட்டமன்றம் இல்லை. பதவிக்காலம் 4 ஆண்டு. ஆளுநர் இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது, உறுப்பினருக்கு அப்படி வரம்பு கிடையாது.

இந்த எண்களை நினைவில் வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கு பின்னால் பலமுறை வரும்.

3. பெரிசா படிக்காத வியாபாரி நிக்க முடியுமா?

முடியும். அரசியலமைப்பின் 106ஆம் பிரிவு கேட்பவை நான்கு: நைஜீரியக் குடியுரிமை, 25 வயது, பள்ளிச் சான்றிதழ் அளவுக்குப் படிப்பு, ஒரு கட்சியின் உறுப்பினராக இருந்து அந்தக் கட்சியே நிறுத்துவது. வயது வரம்பு 30 ஆக இருந்தது. 2018 மே மாத இறுதியில் கையெழுத்தான திருத்தத்தால் 25 ஆனது.

"பள்ளிச் சான்றிதழ்" என்றால் மேல்நிலைத் தேர்வில் தேறியிருக்கத்தான் வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 318ஆம் பிரிவு அதற்கு விரிந்த பொருள் தருகிறது. ஆறாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும் உள்ளவர் பொதுத்துறையிலோ தனியார் துறையிலோ குறைந்தது 10 ஆண்டு வேலை செய்து, மொத்தம் ஓராண்டு வரும் அளவுக்குப் பயிற்சி வகுப்புகளில் கலந்துகொண்டு, ஆங்கிலத்தில் படிக்க, எழுத, பேச முடியும் என்று தேர்தல் ஆணையத்துக்குத் திருப்தி அளித்தால் போதும். சின்ன வயதில் கடையில் வேலைக்குச் சேர்ந்து மேலே வந்த வியாபாரிகளுக்கு இது உண்மையான வழி. இதைத் தெரிந்துகொள்ளாமல் இல்லாத பட்டத்தை எழுதி மாட்டிக்கொள்வதுதான் வேதனை.

சலிசு புஹாரி அப்படி மாட்டியவர். கானோவைச் சேர்ந்த இளம் தொழிலதிபர், 1999இல் கூட்டாட்சி மக்கள் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரானார். 1963இல் பிறந்ததாகவும் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதாகவும் சொல்லியிருந்தார். பிறந்தது 1970இல், பட்டம் பொய் என்று அந்த ஜூலையிலேயே வெளிவந்தது. அப்போது 30 வயது தேவை, அவருக்கு 29தான். பதவி விலகினார், தண்டனையும் பெற்றார். பின்னர் பொதுமன்னிப்பு கிடைத்தது. "டொரண்டோ" என்ற சொல் நைஜீரியாவில் போலிச் சான்றிதழுக்கு இன்னொரு பெயராகவே நிலைத்துவிட்டது.

4. சான்றிதழ்ல பேர் கொஞ்சம் மாறியிருக்கு. அதெல்லாம் ஒரு விஷயமா?

பெரிய விஷயம். 2020 பிப்ரவரி 13 அன்று, பயெல்சா மாநில ஆளுநராக டேவிட் லயன் பதவியேற்க ஒரு நாள் இருக்கும்போது, உச்ச நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. தவறு அவருடையதுகூட இல்லை, துணை ஆளுநர் வேட்பாளருடையது. தொடக்கப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளி இறுதிச் சான்றிதழில் 'அடெகி' என்று தொடங்கும் வேறு எழுத்தில் ஒரு பெயர், பட்டச் சான்றிதழில் 'டெகி' என்று இன்னொன்று. எல்லாம் ஒரே ஆள்தான் என்று காட்டும் தாள்கள் நீதிமன்றத்துக்குப் போதவில்லை. ஒத்திகை அணிவகுப்பு வரை முடித்திருந்தவர் வீட்டுக்குப் போனார்.

மாநில சட்டமன்ற வேட்பாளருக்கும் இதே ஆபத்து உண்டு. 2023இல் வேட்பாளர்கள் பூர்த்தி செய்தது இசி9 என்ற பிரமாணப் பத்திரம். பிறந்த தேதி, படித்த இடங்கள், பெயர்கள் எல்லாம் சத்தியத்தின் பேரில் அதில் போகும். கட்சியின் உட்கட்சித் தேர்தலில் போட்டியிட்ட இன்னொருவர் அதில் பொய் இருக்கிறது என்று கூட்டாட்சி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆகவே வேட்புமனுவுக்கு முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கம்பெனிப் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். மாறியிருந்தால் பெயர் மாற்றத்துக்கான முறையான பத்திரமும் நாளிதழ் விளம்பரமும் அந்தந்தக் காலத்திலேயே இருக்க வேண்டும். தேர்தலுக்கு முந்தின வாரம் போட்ட பத்திரத்தை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.

5. கையில காசு இருக்கு. சுயேச்சையா நின்னுட்டா என்ன?

சுயேச்சைக்கு இடமே இல்லை. கட்சி நிறுத்தினால்தான் வேட்பாளர். அதனால் தொழிலதிபரின் முதல் போர்க்களம் கட்சிக்குள் இருக்கிறது. உட்கட்சித் தேர்தலுக்கு முன் அவர் ஆஸ்பிரண்ட், அதில் வென்ற பிறகுதான் கேண்டிடேட். குறிப்புகளில் "போட்டியிட்டார்" என்று இருந்தால் எந்தப் படியில் என்று பாருங்கள்.

2022 சட்டத்தில் உட்கட்சித் தேர்தலுக்கு மூன்று வழிகள்: கட்சி உறுப்பினர் எல்லாரும் வாக்களிப்பது, கட்சிப் பிரதிநிதிகளான டெலிகேட்டுகள் மட்டும் வாக்களிப்பது, எல்லாரும் ஒத்துக்கொண்டு ஒருவரை நிறுத்துவது. மூன்றாவது வழியில் மற்ற ஒவ்வொரு ஆஸ்பிரண்டும் எழுத்தில் விலகிக்கொள்ள வேண்டும். ஒருவர் கையெழுத்து இல்லாவிட்டாலும் அது செல்லாது. இதற்கும் மேலே 'சோனிங்' என்ற எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. போன முறை தொகுதியின் இந்தப் பகுதிக்காரர், இந்த முறை அந்தப் பகுதிக்காரர் என்று முறை வைப்பார்கள். முறை வராத பகுதியைச் சேர்ந்த பணக்காரர் எவ்வளவு செலவழித்தாலும் டெலிகேட்டுகள் தயங்குவார்கள். பணத்தைக் கொட்டுவதற்கு முன் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

6. மொத்தம் எவ்வளவு செலவாகும்?

2022 சட்டப்படி மாநில சட்டமன்ற வேட்பாளர் 3 கோடி நைராவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. மீறினால் அந்த வரம்பில் 1 சதவீதம், அதாவது 3 லட்சம் நைரா அபராதம், அல்லது 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். இவ்வளவு லேசான அபராதம் யாரையும் தடுக்காது. சிறைத்தண்டனை உண்மையில் விதிக்கப்பட்டால்தான் அந்த விதிக்கு மதிப்பு.

கட்சிப் படிவத்துக்கே பணம் கட்ட வேண்டும். 2023 தேர்தலுக்கு ஆளும் ஏ.பி.சி. மாநில சட்டமன்றத்துக்கு 20 லட்சம் நைரா வாங்கியது, எதிர்க்கட்சியான பி.டி.பி. 6 லட்சம். இது திரும்ப வராத பணம். உட்கட்சித் தேர்தலில் தோற்றாலும் போனது போனதுதான்.

அடுத்த பெரிய செலவைப் புதிதாக வருகிறவர்கள் கணக்கில் வைப்பதே இல்லை: வாக்குச்சாவடி முகவர்கள். நாட்டில் 1,76,846 வாக்குச்சாவடிகள். அபுஜாவைக் கழித்து 993 தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் சராசரியாக ஒரு தொகுதிக்குச் சுமார் 175. ஒவ்வொன்றிலும் ஒருவரை உட்காரவைக்க வேண்டும், சாப்பாடும் போக்குவரத்தும் தர வேண்டும். மாலையில் அவர் கையில் முடிவுத்தாளான இசி8ஏ படிவத்தின் நகல் இருக்க வேண்டும். பேரணிக்கும் டி-ஷர்ட்டுக்கும் செலவழித்துவிட்டு முகவர்களைப் பாதியில் விட்டவர்கள், பிறகு வழக்கில் ஆதாரமில்லாமல் நிற்பார்கள். 17ஆம் கேள்வியைப் பாருங்கள்.

7. உட்கட்சித் தேர்தலைக் கட்சி சரியா நடத்தலைன்னா வேட்பாளருக்கு என்ன?

எல்லாமே போய்விடும். சம்ஃபாரா மாநிலத்தில் 2019இல் ஏ.பி.சி. பெரும்பாலான இடங்களை வென்றது. ஆனால் கோஷ்டிச் சண்டையில் உட்கட்சித் தேர்தலைச் சட்டப்படி நடத்தவில்லை. 2019 மே 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கட்சிக்கு விழுந்த வாக்கெல்லாம் வீண் என்று தீர்ப்பளித்தது. ஆளுநர் முதல் மாநில சட்டமன்றம் வரை அடுத்த இடத்தில் வந்தவர்கள் பதவிக்கு வந்தார்கள். பதவியேற்புக்கு இருந்தது ஐந்து நாள். மக்கள் வாக்களித்தும், தனிப்பட்ட முறையில் எந்தத் தவறும் செய்யாமலும் வீட்டுக்குப் போனவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

இந்த மாதிரி வழக்குக்குக் காலக்கெடு கடுமையானது. சம்பவம் நடந்து 14 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், 180 நாளுக்குள் தீர்ப்பு வர வேண்டும். 15ஆம் நாள் வந்தால் வழக்கே இல்லை. "பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள்" என்று காத்திருந்து நாளைத் தவறவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

8. ஜெயிச்சாச்சு, சான்றிதழும் வாங்கியாச்சு. இனி அவர் உறுப்பினர்தானே?

இன்னும் இல்லை. சொத்துக் கணக்குத் தாக்கல் செய்து, பதவிப் பிரமாணமும் எடுத்த பிறகுதான் இருக்கையில் உட்காரலாம். அதற்கு முன் அவரால் செய்ய முடிவது சபாநாயகர், துணை சபாநாயகர் தேர்தலில் பங்குகொள்வது மட்டும்தான்.

முதல் கூட்டத்துக்கு ஆளுநர் அறிவிப்பாணை வெளியிட வேண்டும். எடோ மாநிலத்தில் 2019 ஜூன் 17 இரவு திடீரென்று கூட்டம் தொடங்கியது. 24 பேரில் வந்திருந்தவர்கள் 9 பேர். சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை (கோரம்) மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8. ஆகவே 9 பேரை வைத்தே சபாநாயகரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுநருக்கு எதிரணியில் இருந்தவர்களில் பலர் பிரமாணம் எடுக்கவே இல்லை. டிசம்பரில் எதிரணியினர் 14 பேரின் இடங்கள் காலி என்று சபை அறிவித்தது. 14 தொகுதி மக்களுக்கு அந்த நான்கு ஆண்டும் சபையில் குரல் இல்லை. நைஜீரிய மாநில அரசியலில் நடந்த மோசமான அநியாயங்களில் இதை ஒன்றாகவே கருதுகிறோம்.

9. சொத்துக் கணக்குல ஒரு பிசினஸ்மேன் என்னென்ன எழுதணும்?

வீடு, நிலம், வண்டி, வங்கி இருப்பு, பங்குகள், கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாமும். திருமணமாகாத, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் சொத்தையும் அரசியலமைப்பு கேட்கிறது. கணவன் அல்லது மனைவியின் சொத்தை நடத்தைவிதிப் பணியகத்தின் தனிச் சட்டம் கேட்கிறது. படிவத்தைப் பணியகத்திடமே வாங்கி, உறுதிமொழியுடன் கையெழுத்திட்டுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைக்க வேண்டும். பதவிக்கு வரும்போது ஒரு முறை, நான்காண்டுக்கு ஒரு முறை, பதவி முடியும்போது ஒரு முறை.

தொழிலதிபர்கள் தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். கம்பெனி பெயரில் வாங்கிய நிலத்தை "என்னுடையது அல்ல" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தக் கம்பெனியின் பங்கு அவருடையது. 2020 கம்பெனிச் சட்டப்படி 5 சதவீதமும் அதற்கு மேலும் கட்டுப்பாடு வைத்திருப்பவர் பெயர் பதிவேட்டில் இருக்கும், ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இரண்டாவது, வங்கிக் கடனை எழுதாமல் விடுவது. கடனும் கணக்கில் வர வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கடனைத் தீர்த்த பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. மூன்றாவது, இன்னும் வாங்காத சொத்தை முன்கூட்டியே எழுதிவைப்பது. பின்னால் சேர்க்கப்போகும் பணத்துக்கு இப்போதே கணக்குக் காட்டும் வேலை அது. அதுவும் பொய்க் கணக்குத்தான்.

குற்றம் நிரூபணமானால் நடத்தைவிதித் தீர்ப்பாயம் பதவியைப் பறிக்கலாம், 10 ஆண்டுவரை பதவிக்கு வரத் தடை போடலாம், முறைகேடாகச் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்யலாம்.

10. பதவிக்கு வந்த பிறகும் கம்பெனியை அவரே நடத்தலாமா?

அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை சொல்வது இது: முழுநேரப் பணியில் இருக்கும் பொது அலுவலர் தனியார் தொழிலை நடத்துவதிலோ நிர்வகிப்பதிலோ பங்குகொள்ளக் கூடாது. விவசாயத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. சட்டமன்ற உறுப்பினர் எல்லாரும் அந்த அட்டவணையின்படி பொது அலுவலர்கள்தான். தடை நிர்வாகத்துக்குத்தான், பங்கு வைத்திருப்பதற்கு இல்லை. கோழிப் பண்ணையோ மீன் குட்டையோ பனை எண்ணெய்த் தோட்டமோ வைத்திருப்பதிலும் தடையில்லை.

"நான் முழுநேர ஊழியர் இல்லை, சபை கூடும் நாளில்தான் வேலை" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை நம்பித் தொழிலை ஓட்டுவது ஆபத்து என்பது எங்கள் கருத்து. சபை ஆண்டுக்குக் குறைந்தது 181 நாள் கூட வேண்டும், குழுக் கூட்டங்கள் தனி. பத்திரமான வழி, பிரமாணத்துக்கு முன்பே மேலாண்மை இயக்குநர் பதவியிலிருந்து விலகுவது. விலகல் தீர்மானத்தைக் கம்பெனி விவகார ஆணையத்தில் பதிய வேண்டும். வங்கியில் கையெழுத்து அதிகாரத்தையும் மாற்ற வேண்டும். இந்த மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். தீர்மானத்தில் விலகியவர் காசோலையில் தொடர்ந்து கையெழுத்துப் போட்டால் விலகல் வெறும் தாள்.

11. துபாய், குவாங்சோவுல இறக்குமதிக்காகக் கணக்கு வச்சிருக்கார். பரவாயில்லையா?

கூடாது. நைஜீரியாவுக்கு வெளியே எந்த நாட்டிலும் வங்கிக் கணக்கு வைத்திருக்கவோ இயக்கவோ தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலில் மாநில சட்டமன்ற உறுப்பினர்கள் பெயர் சொல்லியே இருக்கிறார்கள். நைஜீரிய வங்கியிலேயே டாலரில் வைக்கும் 'டொமிசிலியரி' கணக்குக்கு இந்தத் தடை பொருந்தாது, ஏனென்றால் கணக்கு உள்நாட்டில்தான் இருக்கிறது. இறக்குமதி வியாபாரி வெளிநாட்டுக் கணக்கை முறையாக மூடி, மூடியதற்கான கடிதத்தை வாங்கி, மீதியை உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, 9ஆம் கேள்வியில் சொன்ன கணக்கில் காட்ட வேண்டும்.

12. அவரோட தொழிலைத் தொடுற மசோதா வந்தா ஓட்டுப் போடலாமா?

நேரடிப் பண ஆதாயம் இருந்தால் முதலில் சபையில் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவர் விவாதத்தில் கலந்துகொள்ளலாமா, வாக்களிக்கலாமா என்று சபை தீர்மானிக்கும். 98ஆம் பிரிவு இதைச் சபையின் விதிகளிலேயே எழுதிவைக்கச் சொல்கிறது. மணல் குவாரி வைத்திருப்பவர் சுரங்கக் கட்டணத்தைப் பற்றிய குழுவில் மௌனமாக உட்கார்ந்திருந்தால் அது மீறல்.

இதைவிட வழுக்கலான இடம் விசாரணைக் குழு. மாநில சட்டமன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரமும் சாட்சிகளை அழைக்கும் அதிகாரமும் உண்டு. அந்த அதிகாரம் விலைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கூட்டாட்சி சபை உறுப்பினர் ஃபாரூக் லவான் வழக்கு சான்று. 2012இல் எரிபொருள் மானிய விசாரணைக்குத் தலைமை ஏற்றவர், ஒரு தொழிலதிபரின் நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்க 5 லட்சம் டாலர் வாங்கினார் என்று 2021இல் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் ஐந்தாண்டாகக் குறைந்த அந்தத் தண்டனையை 2024இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆளுநருக்கு இருக்கும் வழக்குத் தடுப்பு உறுப்பினருக்குக் கிடையாது. சபைக்குள் பேசியதற்கு மட்டுமே பாதுகாப்பு.

13. சம்பளம் நிறையத்தானே?

அடிப்படைச் சம்பளத்தையும் படிகளையும் ஒரு கூட்டாட்சி ஆணையம் நிர்ணயிக்கிறது. வளமான தொழில் நடத்தியவருக்கு அது பெரிய தொகை இல்லை. பதவி முடியும்போது ஆண்டு அடிப்படைச் சம்பளத்தின் மூன்று மடங்கு விடைபெறும் பணமாகக் கிடைக்கும்.

சம்பளத்தைவிடச் சபையின் பணம் யார் கையில் என்பதுதான் கேள்வி. 2018 திருத்தம் சபைக்கான பணத்தை நேரடியாகச் சபைக்கே தரச் சொன்னது. பல ஆளுநர்கள் தரவில்லை. 2021 மார்ச்சில் சட்டமன்ற ஊழியர்கள் இதற்காகவே வேலைநிறுத்தம் செய்து மாதக்கணக்கில் சபைகளைப் பூட்டினார்கள். ஆளுநர் கையைப் பார்த்து நிற்கும் சபை அவருடைய பட்ஜெட்டைக் கேள்வி கேட்கும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

14. வியாபார விஷயமா எப்பவும் வெளிநாட்டுலயே இருந்தா?

சபை கூடிய நாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தக்க காரணமின்றி வராவிட்டால் இடம் காலி. 181 நாள் கூடினால் 60 நாளுக்கு மேல் வராமல் இருக்கக் கூடாது. சபாநாயகர் காரணத்தை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் தந்தால் தப்பிக்கலாம். வாய்மொழி அனுமதியை நம்பாதீர்கள், நாளைக்கே சபாநாயகர் மாறலாம். லேகோஸில் 2015 முதல் சபாநாயகராக இருந்த முடஷிரு ஒபாசாவையே, அவர் வெளிநாட்டில் இருந்தபோது 2025 ஜனவரி 13 அன்று சக உறுப்பினர்கள் நீக்கினார்கள். மார்ச் 3 அன்று அவர் மறுபடி அதே நாற்காலிக்கு வந்தார்.

15. கட்சி மாறினா பதவி போயிடுமா? ஆனா எல்லாரும் மாறிக்கிட்டேதானே இருக்காங்க?

விதிப்படி போகும். விலக்கு இரண்டு: அவர் கட்சி பிளவுபட்டிருக்க வேண்டும், அல்லது வேறு கட்சியோடு இணைந்திருக்க வேண்டும். எது பிளவு என்பதில்தான் சண்டை. ஓண்டோ மாநிலத்தின் இஃபெடாயோ அபெகுண்டே, லேபர் கட்சியில் வென்று வேறு கட்சிக்குப் போன கூட்டாட்சி உறுப்பினர். அவர் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மாநில அளவில் கோஷ்டிச் சண்டை பிளவு ஆகாது, கட்சி தேசிய அளவில் இயங்க முடியாதபடி உடைந்திருக்க வேண்டும்.

அப்படியிருந்தும் மாறுகிறார்களே என்றால், காலி என்று அறிவிக்க வேண்டியவர் சபாநாயகர். அவரே கட்சி மாறியவர்களில் ஒருவராக இருந்தால் யார் அறிவிப்பது? ரிவர்ஸ் மாநிலத்தில் 2023 டிசம்பரில் 32 பேர் சபையில் 27 பேர், சபாநாயகர் உட்பட, பி.டி.பி.யிலிருந்து ஏ.பி.சி.க்குப் போவதாக அறிவித்தார்கள். ஆளுநர் மீதியிருந்த நான்கைந்து பேரை வைத்து பட்ஜெட் போட்டார். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கட்சி மாறியது நிரூபிக்கப்படவில்லை என்று 27 பேரின் சபையையே ஏற்றது. அடுத்த மாதம் குடியரசுத் தலைவர் அவசரநிலை அறிவித்து ஆளுநரையும் சபையையும் ஆறு மாதம் நிறுத்திவைத்தார். தொலைக்காட்சியில் கொடி பிடித்துக்கொண்டு நின்றதும் சட்டப்படி கட்சி மாறியதும் வேறு வேறு என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். நீதிமன்றம் கேட்பது உறுப்பினர் பதிவேடும் விலகல் கடிதமும்தான்.

16. இவங்களால ஆளுநரை இறக்க முடியுமா? இறக்கினா அடுத்தது யாரு?

முடியும், ஆனால் படிகள் நுணுக்கமானவை. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்திட்ட நோட்டீஸ் முதலில் வர வேண்டும். விசாரிக்கலாம் என்று மூன்றில் இரண்டு பங்கு தீர்மானிக்க வேண்டும். மாநிலத் தலைமை நீதிபதி அமைக்கும் ஏழு பேர் குழு விசாரிக்க வேண்டும். குற்றம் உறுதியானால் மறுபடி மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. ஒரு படி தவறினாலும் நீதிமன்றம் திருப்பிவிடும். 2006 ஜனவரியில் ஓயோ ஆளுநர் ரஷீதி லடோஜாவை, அவரும் தொழிலதிபர்தான், 18 பேர் நீக்கினார்கள். 32இல் மூன்றில் இரண்டு என்றால் 22 வேண்டும். சபை மண்டபத்தில்கூட இல்லாமல் இபாடனில் ஒரு ஹோட்டலில் கூடித் தொடங்கிய வேலை அது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப அமர்த்தியது.

ஆளுநரும் துணை ஆளுநரும் சேர்ந்து இல்லாமல் போனால் சபாநாயகர் மூன்று மாதம்வரை ஆளுநர். அடமாவாவில் 2014 ஜூலை 15 அன்று ஆளுநர் நீக்கப்பட்டார், துணை ஆளுநர் விலகினார் என்று சொல்லி சபாநாயகர் அஹ்மது ஃபிந்திரி பொறுப்பேற்றார். துணை ஆளுநரின் விலகல் கடிதம் ஆளுநருக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். அது சபாநாயகருக்குப் போயிருந்தது. அக்டோபர் 8 அன்று, அந்த விலகலே செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல, துணை ஆளுநர் ஆளுநரானார். ஃபிந்திரி 2019இல் மக்கள் வாக்கில் அதே நாற்காலிக்கு வந்தார். சபாநாயகராக இருந்து ஆளுநரானவர்கள் வேறு பலரும் உண்டு: ரிவர்ஸில் ரோட்டிமி அமேச்சி, பிளாட்டோவில் சைமன் லலோங், டெல்டாவில் ஷெரிஃப் ஒபொரெவோரி, எபோன்யியில் ஃபிரான்சிஸ் நுவிஃபுரு.

17. தேர்தல் வழக்குன்னா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போகலாமே?

மாநில சட்டமன்றத் தேர்தலுக்கு முடியாது. முடிவு அறிவித்த 21 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனு, 180 நாளுக்குள் தீர்ப்பு, 60 நாளுக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றம். அத்தோடு கதவு மூடிவிடும். 6ஆம் கேள்வியில் சொன்ன இசி8ஏ நகல்களும் அவற்றை நேரில் பார்த்த முகவரின் சாட்சியமும் இல்லாமல் மூட்டையாகத் தாள்களைக் கொண்டுபோய்க் கொட்டினால் நீதிமன்றம் அவற்றைப் படிக்காது.

கதவு மூடுவதன் கொடுமையைப் பிளாட்டோவில் பார்க்கலாம். 2023 இறுதியில், கட்சியின் அமைப்பே செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பி.டி.பி. உறுப்பினர்கள் 16 பேரையும் ஆளுநரையும் நீக்கியது. ஆளுநருக்கு உச்ச நீதிமன்றம் வரை உரிமை உண்டு. 2024 ஜனவரி 12 அன்று அவர் மீண்டும் பதவி பெற்றார், கீழ் நீதிமன்றத்தின் காரணமே தவறு என்று நீதிபதிகள் சொன்னார்கள். அதே தவறான காரணத்தால் இருக்கை இழந்த 16 பேருக்குப் போக இடமில்லை. உறுப்பினர்களுக்கும் இன்னொரு மேல்முறையீடு வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

18. தொகுதி மக்களே அவரைத் திரும்ப அழைக்கலாமாமே?

அழைக்கலாம். தொகுதியின் பதிவு செய்த வாக்காளரில் பாதிக்கு மேல் கையெழுத்திட வேண்டும், தேர்தல் ஆணையம் அதைச் சரிபார்க்கும், மனு கிடைத்த 90 நாளுக்குள் பொதுவாக்கெடுப்பு. அங்கே பதிவு செய்த வாக்காளர்களின் வாக்குகளில் சாதாரணப் பெரும்பான்மை வேண்டும். கையெழுத்துச் சரிபார்ப்பிலேயே கதை முடிந்துவிடும். செனட்டர் டினோ மெலாயேக்கு எதிரான மனுவில் 2018இல் நேரில் வந்து உறுதி செய்தவர்கள் 5.34 சதவீதம்தான்.

19. ஒருத்தரோட குறிப்புல "1992–93 உறுப்பினர்", "2009–11 உறுப்பினர்"னு இருக்கு. நம்பலாமா?

தேதியை வைத்தே நிறையச் சொல்லலாம். இரண்டாம் குடியரசின் சபைகள் 1979 அக்டோபரிலிருந்து 1983 டிசம்பர் 31 ராணுவப் புரட்சி வரை. அடுத்து 1992 ஜனவரியிலிருந்து 1993 நவம்பரில் ராணுவ ஆட்சியாளர் அபாச்சா கலைக்கும் வரை. அதன் பிறகு 1999 ஜூனிலிருந்து தடையில்லை, நான்காண்டுக்கு ஒரு முறை: 2003, 2007, 2011, 2015, 2019, 2023. ஆகவே 1992–93 என்பது பொருந்துகிறது. 1986இல் சட்டமன்ற உறுப்பினர் என்று இருந்தால் பொருந்தாது, அப்போது சபையே இல்லை.

2009–11 போல நடுவில் தொடங்கினால் இடைத்தேர்தலாக இருக்கும், அல்லது தீர்ப்பாயம் முன்னவரை நீக்கியிருக்கும். நடுவில் முடிந்தால் மரணம், கமிஷனர் பதவி, கட்சி மாற்றம், வழக்கு இவற்றில் எது என்று தேடுங்கள். 'ஆனரபிள்' என்ற அடைமொழி பதவி முடிந்த பிறகும் பேச்சில் தொடரும், உள்ளாட்சிக் கவுன்சிலரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஆகவே அது ஆதாரமாகாது. 'சீஃப்' என்பது ஊர் மன்னர் கொடுக்கும் பட்டம். "தொழிலதிபர்" என்பதற்கு கம்பெனியின் பதிவு ஆண்டைப் பாருங்கள்: பதவிக்கு முன்பே இருந்த கம்பெனியா, பதவியேற்ற பின் முளைத்ததா என்று அது காட்டும்.